தலைக்குள் நீர் கோர்த்த குழந்தைக்குத் தென்காசியில் என்ன வழி?

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் தென்காசியிலிருந்து ஐந்தருவி வரை ரோட்டில் கால் வைக்க இடமிராது. ஆனி, ஆடி மாதங்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து அருவிக்கு அடியில் தலையை நீட்டுகிறார்கள். அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் பித்தம் தெளியும், புத்தி மாறாட்டம்கூடத் தீரும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. அந்த நாளில் வெள்ளைக்காரத் துரைமார்களும் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கேதான் வந்து தங்கினார்கள். குளிக்க வருகிறவர்களோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. நல்ல தண்ணீர், நல்ல காற்று, வந்து போகட்டும்.

நாம் கேட்பது வேறு. தலைக்கு வெளியே விழும் தண்ணீருக்காக சர்க்கார் சாரல் விழா எடுக்கிறது. போலீஸ் நிற்கிறது, விளக்கு எரிகிறது, மேடையில் மாலை மரியாதை நடக்கிறது. தலைக்கு உள்ளே தண்ணீர் தேங்கிப்போன பச்சைக் குழந்தைக்கு இந்த மலையடிவாரத்தில் என்ன ஏற்பாடு?

இப்படியும் ஒரு வியாதி உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. டாக்டர்கள் அதை ஹைட்ரோகெபலஸ் என்பார்கள்; நம் ஊரில் தலையில் நீர் கோர்த்திருக்கிறது என்பார்கள். மூளைக்குள்ளே சில அறைகள் இருக்கின்றன. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் ஊறுகிறது. வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு சுமார் அரை லிட்டர் ஊறும். ஊறிய நீர் மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி வந்து ரத்தத்தில் கலந்துவிடும். மடை அடைத்துக்கொண்டால் வயலில் நீர் ஏறுகிறதல்லவா? அதே கதைதான். வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை உள்ளிருந்து நெருக்குகிறது. கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஆகவே தலை பெருக்கிறது, உச்சிக்குழி புடைக்கிறது, கருவிழி கீழ் இமைக்குள் அமிழ்கிறது. குழந்தை பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சோர்ந்து கிடக்கும்.

சில குழந்தைகள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கின்றன. சிலவற்றுக்கு முதுகெலும்பு மூடாமல் பிளந்திருந்து, கூடவே இதுவும் வருகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் கிருமி ஏறி மூளைக் காய்ச்சல் வந்து, அதன் தழும்பினால் வழி அடைபடுவதும் உண்டு. உலகமெங்கும் ஆண்டுக்கு சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கு இந்த வியாதி வருவதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் ஏழைக் குழந்தைகள். அபூர்வ வியாதி என்று இதைச் சொல்கிறவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

வைத்தியம் இருக்கிறது. மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியிலேயே ஒரு மெல்லிய குழாயை இறக்கி வயிற்றுக்குள் விட்டுவிடுகிறார்கள். ஷன்ட் என்று அதற்குப் பெயர். நடுவில் ஒரு வால்வு. நீர் ஒரு பக்கம்தான் போகும். நேரத்தோடு செய்தால் குழந்தை பள்ளிக்கூடம் போகும், பரீட்சை எழுதும், கல்யாணம் செய்துகொள்ளும். நாள் தள்ளிப்போனால் உயிர் பிழைத்தாலும் கண் பார்வை போகலாம், நடை போகலாம், பேச்சு போகலாம். பிறகு அந்தக் குழந்தையை ஆயுள் பூராவும் தூக்கிச் சுமப்பவள் யார்? தாய்தான்.

அந்தத் தாய் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டை வட்டாரத்தில் வீட்டுத் திண்ணைகளைப் பாருங்கள். மடியில் முறம், முறத்தில் இலை, தூள், நூல். ஆயிரம் பீடி சுற்றி முடித்தால்தான் அன்றைக்கு முழுக் கூலி. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. இந்தப் பெண்களுக்காகவே 1976-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடி உற்பத்தியின் மேல் ஒரு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்திலிருந்து டிஸ்பென்சரி, வைத்திய உதவி, பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் என்று ஒரு நல நிதி நடந்து வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை ரத்து செய்துவிட்டார்கள். பீடிக்கு வரி குறைந்ததா? இல்லை. தொழிலாளியின் பெயரைச் சொல்லித் தனியாக வசூலித்த வரிதான் போயிற்று. இனி நல உதவி வேண்டுமென்றால் டில்லி பட்ஜெட்டில் ஒதுக்குகிறதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? நெல்லை சுமார் 55 கிலோமீட்டர். மதுரை சுமார் 160. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே 1980-ல் பார்லிமென்ட் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரி இருக்கிறது. மூளை அறுவைக்குப் பெயர் பெற்றது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர். அந்தக் கணக்கில் திருவனந்தபுரம் அவர்களுக்குத் தலைநகரம்; இன்றைக்கு அது வேறு மாநிலம், வேறு பாஷை. கடைசியில் சென்னை இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு ராத்திரி முழுதும்.

ஒரு தடவை போய் வந்தால் தீர்ந்ததா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பதித்த ஷன்ட்களில் மூன்றில் ஒன்றாவது முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் அடைபடுகிறது, அல்லது கிருமி பிடிக்கிறது, அல்லது நழுவுகிறது. லண்டனிலும் அப்படித்தான், பாஸ்டனிலும் அப்படித்தான். டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாயின் சுபாவம் அது. அடைபட்டால் மணிக்கணக்கில் காரியம் நடக்க வேண்டும். மதியம் வாந்தி எடுத்த குழந்தைக்கு ராத்திரிக்குள் நினைவு தப்பலாம். ஆக, ஷன்ட் வைத்த குழந்தைக்கு ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்பது வசதியைப் பொறுத்த கேள்வியே அல்ல. அதுவும் வைத்தியத்தின் ஒரு பாகம். சென்னையில் முதல்தரமான அறுவை செய்து ஊருக்கு அனுப்பிவிட்டு, 600 கிலோமீட்டருக்கு அப்பால் குழாய் அடைத்துக்கொண்டால் வா என்பது அரை வைத்தியம்.

மேதாவிகளின் வாதம்

இதைச் சொன்னவுடன் சில மேதாவிகள் எழுந்து நிற்பார்கள். "குழந்தை மூளை அறுவை என்பது சிறப்பிலும் சிறப்பு. அதெல்லாம் தலைநகரத்துச் சமாசாரம். அருவியும் மாந்தோப்பும் உள்ள ஊரில் வந்து அதைக் கேட்கிறீர்களே! ஏழை நாட்டில் முதலில் சீதபேதியைப் பார்ப்போம், அம்மை ஊசியைப் பார்ப்போம்" என்பார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். இதே மேதாவிகள் தங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு தலைவலி என்றால் சீதபேதியை முதலில் ஒழித்துவிட்டு அப்புறம் ஸ்கேன் எடுக்கலாம் என்று காத்திருக்கிறார்களா?

ஏழை ஊரில் இது நடக்காது என்கிறவர்களுக்கு ஒரு ஏழை ஊரையே காட்டுகிறோம். ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்தின் கிழக்குக் கோடியில் ம்பாலே என்று ஓர் ஊர். நம் தென்காசியைப் போலவே மலையடிவார ஊர். எல்கான் மலை அதற்குப் பின்னால் நிற்கிறது. தலைநகரம் கம்பாலா அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். 2000-ம் ஆண்டில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க டாக்டர் குடும்பத்தோடு அங்கே போனார். கியூர் என்ற கிறிஸ்தவ மிஷன் அமைப்பு அந்த ஊரில் குழந்தைகள் மூளை அறுவைக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியை எழுப்பியது. கம்பாலாவில் அல்ல, ம்பாலேயில்!

அங்கே வார்ஃப் கண்டது என்ன? வருகிற குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் பிறவியில் வந்ததல்ல. பிறந்த முதல் மாதத்தில் ஏறிய கிருமியின் விளைவு. இதை அமெரிக்கப் பாடப் புத்தகம் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ம்பாலேயின் தாய்மார்கள்தான் சொன்னார்கள். மழையின் அளவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2020-ல் இன்னொரு ஆய்வு, பேனிபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை இந்தக் குழந்தைகளின் மூளை நீரிலேயே கண்டுபிடித்தது. சாரலும் மழையும் பழகிய ஊர்க்காரர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும். நம் மலையடிவாரத்துக் குழந்தைகளுக்கு எதனால் நீர் கோர்க்கிறது என்று யாராவது இங்கே உட்கார்ந்து எண்ணினால்தானே தெரியும்?

வார்ஃபுக்கு முன்னால் நின்ற சங்கடம் நாம் மேலே சொன்ன அதே சங்கடம். ஷன்ட் அடைபடும், கிராமத்திலிருந்து மண் ரோட்டில் தாய் வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விடும். ஆகவே குழாயே இல்லாமல் வழி உண்டா என்று பார்த்தார். மெல்லிய தொலைநோக்குக் குழலை மூளை அறைக்குள் விட்டு, அடித்தளத்தில் ஒரு துளை போட்டு நீருக்குப் புதுவழி திறப்பது முன்பே தெரிந்த முறை. கைக்குழந்தைகளுக்கு அது சரியாகப் பலிப்பதில்லை. அத்தோடு நீரை ஊறச் செய்யும் திசுவையும் சேர்த்துச் சுட்டுவிட்டார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் துளை மட்டும் போட்டபோது 47 சதவீதம் வெற்றி. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது 66 சதவீதம். 2005-ல் இதை வெளியிட்டார். பிறகு 100 குழந்தைகளை வைத்து ம்பாலேயிலேயே நடந்த சோதனை 2017-ல் வெளியாயிற்று: ஓராண்டு முடிவில் குழந்தையின் அறிவு வளர்ச்சியிலும் மூளை வளர்ச்சியிலும் ஷன்டுக்கும் இந்த முறைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரிகள் இந்த முறையை உகாண்டாவிடமிருந்து கற்றுக்கொண்டன. ஆம், அமெரிக்கா உகாண்டாவிடம்!

இன்னொன்றும் நடந்தது. அதுதான் நமக்கு முக்கியம். 2006-ல் வார்ஃப் ஊர் திரும்பியபோது ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. அங்கேயே பயிற்சி பெற்ற உகாண்டா டாக்டர் ஜான் முகம்பா பொறுப்பேற்றார். வேறு தேசங்களிலிருந்தும் அறுவை டாக்டர்கள் ம்பாலேக்கு வந்து கற்றுப் போனார்கள். ஆப்பிரிக்காவின் மற்ற பாகங்களிலும் இதே யோசனைதான்: மொராக்கோவின் ரபாட் நகரில் 2002-ல் ஆப்பிரிக்க டாக்டர்களுக்கென்று மூளை அறுவைப் பயிற்சி மையம் தொடங்கிற்று, கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க நாடுகள் 1999-ல் அறுவை டாக்டர்களுக்கென்று ஒரு பொதுக் கல்லூரியை அமைத்து, சொந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற வழி செய்தன. லண்டனுக்கு அனுப்பினால் ஆள் திரும்பி வருவதில்லை என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த பாடம். நமக்கும் தெரியும்.

மிஷன் ஆஸ்பத்திரியை நாம் குறை சொல்லவில்லை. செய்த நன்மை நன்மைதான். ஆனால் தர்மம் என்பது கொடுக்கிறவன் இஷ்டம். ஒரு தேசத்தின் குழந்தைகள் இன்னொரு தேசத்துக் கனவான்களின் இஷ்டத்தில் பிழைப்பதா? ம்பாலேயிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இடமும் பயிற்சியும் பற்றிய பாடம். அதைச் செய்ய வேண்டிய கடமை சர்க்காருடையது.

விலை எங்கிருந்து வருகிறது?

"செலவு, செலவு" என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம்.

ஷன்ட் வால்வைக் கம்பெனி முதலாளிகள் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். 1955-ல் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற எந்திரத் தொழிலாளிக்கு ஒரு மகன் பிறந்தான். முதுகெலும்பு பிளந்து, தலையில் நீர் கோர்த்திருந்தது. டாக்டர் ஸ்பிட்ஸ் குழாய் அடைபடும் சங்கடத்தைச் சொன்னார். பட்டறையில் குழாயும் வால்வும் பார்த்துப் பழகிய தகப்பன் சில வாரங்களுக்குள் சிலிக்கோன் ரப்பரில் ஒரு வால்வைச் செய்து கொண்டுவந்தான். 1956 முதல் உலகம் முழுவதும் அந்த வால்வு குழந்தைகளைக் காப்பாற்றிற்று. 1960-ல் நியூயார்க்கில் எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை மகனை டாக்ஸி மோதிவிட்டது. அவனுக்கும் நீர் கோர்த்து ஷன்ட் அடைபட்டுக்கொண்டே இருந்தது. டால், விளையாட்டு விமானங்களுக்குப் பம்பு செய்யும் ஸ்டான்லி வேட், லண்டன் டாக்டர் கென்னத் டில் மூவரும் சேர்ந்து 1962-ல் அடைபடாத ஒரு வால்வைச் செய்தார்கள். மூவரும் அதிலிருந்து லாபம் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார்கள். தகப்பன்மாரும் தொழிலாளியும் செய்த சாதனம் இது. கம்பெனி லேபிள் ஒட்டிய பிறகுதான் விலை ஏறிற்று.

எவ்வளவு ஏறிற்று? உத்தரப் பிரதேசத்தில் ஷாஜஹான்பூரில் செய்யும் சாப்ரா ஷன்ட் நம் நாட்டுச் சரக்கு. வார்ஃப் அதையும் கோட்மன் என்ற மேல்நாட்டு ஷன்டையும் உகாண்டாவில் 195 குழந்தைகளுக்கு வைத்து ஓராண்டு பார்த்தார். பலனில் வித்தியாசம் இல்லை! இந்திய ஷன்ட் அன்றைய விலையில் சுமார் 35 டாலர். மற்றது சுமார் 650 டாலர். எத்தனை மடங்கு என்று வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். இந்தியத் தொழிலாளி செய்த குழாய் ஆப்பிரிக்கக் குழந்தையின் தலைக்குள் இருந்து உயிர் காக்கிறது. டில்லி எய்ம்ஸில் டாக்டர் உபாத்யாயா 1970-களிலேயே மலிவான ஷன்ட் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். மலைக்கு அந்தப் பக்கம் சித்திரைத் திருநாள் நிறுவனம், பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனம், இதய வால்வையே செய்து 1990-ல் மனித உடலில் பொருத்திக் காட்டியது. செலவு சாக்கு எடுபடாது.

அடுத்தபடி, இன்ஷ்யூரன்ஸ் கார்டை நீட்டுவார்கள். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012-ல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் என்று விரிந்தது. ஏழைக் குடும்பத்துக்கு அது கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். எத்தனையோ பேர் அதனால் வீட்டை அடகு வைக்காமல் தப்பினார்கள். ஆனால் கார்டு ஆபரேஷனுக்குப் பணம் கட்டும், டாக்டரை உண்டாக்காது. தென்காசிக்கு அருகில் பயிற்சி பெற்ற கை இல்லாவிட்டால் கார்டை எந்த ஊரில் போய் நீட்டுவது? பஸ் சார்ஜையும் போன கூலியையும் எந்தக் கார்டு கொடுக்கிறது? பணத்தை ரோகியின் பின்னால் அனுப்பினால் போதும், ஆஸ்பத்திரி தானாக முளைக்கும் என்பது சந்தைக்காரர்களின் வேதாந்தம். லாபம் உள்ள நகரத்தில் முளைக்கும். பீடி சுற்றும் கிராமத்தின் ஓரத்தில் முளைத்ததை நாம் கண்டதில்லை.

டாக்டர் எங்கிருந்து வருவார்?

இந்தியாவில் மூளை அறுவை வைத்தியம் பிறந்ததே தமிழ்நாட்டில்தான் என்பதை இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி முதல் பிரிவைத் தொடங்கினார். 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில், சர்க்கார் ஆஸ்பத்திரியில், டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1951-ல் இவர்களும் டாக்டர்கள் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் அமைத்தார்கள். சுதந்திரம் வந்து நான்கு வருஷம்கூட முழுசாக ஆகாத காலம், பஞ்சம் தலைவிரித்தாடிய காலம்! அன்றைக்கும் மேதாவிகள் இருந்திருப்பார்கள்; ஏழை நாட்டுக்கு எதற்கு மூளை அறுவை என்று கேட்டிருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு நம்மிடம் என்ன இருக்கும்?

ஒரு மூளை அறுவை டாக்டரை உருவாக்க எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், அதற்கு மேல் எம்.எஸ். மூன்று வருஷம், எம்.சி.ஹெச். மூன்று வருஷம். அதற்கும் மேல் குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி. குழந்தை என்பது சின்ன மனிதன் அல்ல. ரத்தத்தின் அளவு வேறு, மயக்க மருந்தின் அளவு வேறு, எலும்பு வேறு, வளர்கிற மூளை வேறு. மயக்க மருந்து டாக்டருக்கும் நர்ஸுக்கும் சேர்த்துப் பயிற்சி வேண்டும். இத்தனை வருஷம் பொதுப் பணத்தில் படித்தவர் எங்கே போகிறார் என்பதுதான் சண்டையே.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு உயர் சிறப்புப் படிப்பில் பாதி இடங்களை ஒதுக்கித் தமிழ்நாடு சர்க்கார் 2020 நவம்பரில் உத்தரவு போட்டது. ஏன்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால் தேய்ந்தவர் படித்துவிட்டு மறுபடி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே வருவார். உடனே "தகுதி போயிற்று, தரம் போயிற்று" என்று கூக்குரல் கிளம்பிற்று, வழக்கு நடந்தது. 2022 மார்ச்சில்தான் சுப்ரீம் கோர்ட் அந்த ஆண்டுக்கு வழி விட்டது. தரம் என்றால் என்ன? தென்காசிக் குழந்தையின் தலையைத் தொடுவதற்கு ஒரு ஆள் இருப்பது முதல் தரம். ஆளே இல்லாத இடத்தில் தரத்தைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்து.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர் இருந்தது, ராமநாதபுரம் இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசி அந்தப் பட்டியலில் இல்லை. மறு ஆண்டு, 2023-ல், தேசிய மருத்துவக் கமிஷன் இன்னொரு அதிசயமான விதியைக் கொண்டுவந்தது: பத்து லட்சம் ஜனங்களுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடத்துக்கு மேல் இருக்கக் கூடாதாம்! தமிழ்நாட்டில் ஏற்கெனவே அதற்கு மேல் இருக்கிறதாம்! எதிர்ப்பு கிளம்பியதும் ஒத்திப் போட்டார்கள். சொந்தக் காசைப் போட்டுக் கல்லூரி கட்டிய மாநிலத்தைப் பார்த்து நிறுத்து என்கிறார்கள். கட்டாத மாநிலத்தைப் பார்த்துக் கட்டு என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

நாம் தென்காசியில் நாளைக்கே எம்.சி.ஹெச். பிரிவு திறக்கச் சொல்லவில்லை. 1965-ல் தொடங்கிய நெல்லை மருத்துவக் கல்லூரி 55 கிலோமீட்டரில் இருக்கிறது. நரம்பு அறுவைப் பிரிவும் இருக்கிறது. எந்த சர்க்கார் நரம்பு அறுவைப் பிரிவை எடுத்தாலும், ரோட்டு விபத்தில் மண்டை உடைந்து வருகிறவர்களே கட்டில்களை நிரப்பிவிடுகிறார்கள். ஆகவே குழந்தைகளுக்கென்று தனிக் கட்டில், தனித் தொலைநோக்குக் குழல், தனிப் பயிற்சி இடம் என்று நெல்லையில் உத்தரவிலேயே எழுதி வைக்க வேண்டும். ஒரு நல்ல டாக்டர் மாறுதலாகிப் போனால் பிரிவும் அவரோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. அங்கே பயிற்சி பெறுகிறவர் வாரத்தில் ஒரு நாள் தென்காசித் தலைமை ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டும். ஷன்ட் வைத்த குழந்தைகளின் பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். ம்பாலேயில் நடந்தது நெல்லையில் நடக்காது என்று சொல்லுகிறவர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வராமலே தடுக்கலாமே!

முதுகெலும்பு பிளந்து பிறப்பதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பது 1991-ல் நிரூபணமான விஷயம். பல நாடுகளில் நடந்த அந்தச் சோதனையில், முன்பு இப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் கொடுத்தபோது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. எல்லாப் பெண்களுக்கும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும் என்கிறார்கள். மாத்திரை காசுக் கணக்கில் கிடைப்பது.

ஆனால் ஒரு சங்கதி: கருத்தரித்து 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிட வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண்ணுக்குத் தெரிவதற்குள்ளேயே விஷயம் முடிந்துவிடுகிறது! பெயர் பதிந்து, நர்ஸ் அம்மாள் வந்து, மாத்திரை கைக்கு வரும்போது காலம் கடந்துபோகிறது. கல்யாணமான பெண்ணுக்கு முதலிலிருந்தே கொடுக்க வேண்டும். அல்லது சாப்பாட்டிலேயே கலந்துவிட வேண்டும்.

சாப்பாட்டில் கலக்கிறோமே என்பார்கள். 2021 சுதந்திர தினத்தன்று பிரதமர் செறிவூட்டிய அரிசியை அறிவித்தார். ரேஷன் அரிசிக்கு வகுத்த அளவு என்ன? கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் போலிக் அமிலம். ஒரு பெண் நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிட்டால் அவளுக்குக் கிடைப்பது 30 முதல் 50. தேவை 400. எட்டில் ஒரு பங்கைத் தாண்டவில்லை! கண்துடைப்பு என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? தென் ஆப்பிரிக்கா 2003 அக்டோபரிலிருந்து சோள மாவிலும் கோதுமை மாவிலும் போலிக் அமிலம் கலப்பதைக் கட்டாயமாக்கியது. இந்தப் பிறவிக் குறைபாடு சுமார் 30 சதவீதம் குறைந்தது. இங்கேயும் ஆப்பிரிக்காவிடம்தான் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, படித்தால் சரி.

தடுத்துவிட்டால் அறுவை எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். கிருமியால் வருவதைப் போலிக் அமிலம் தடுக்காது. ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தையையும் அது காப்பாற்றாது. இரண்டும் வேண்டும்.

கையிலேயே இருக்கிறதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் நடக்கிறது. கழுத்துக்குக் கீழே அசைய முடியாத எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. ஊனமுற்ற குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, கிராமம் கிராமமாகப் பயிற்சி கொடுக்கும் வேலையை அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அறுவை முடிந்த குழந்தையை நடக்க வைக்க, பேச வைக்க, உட்கார வைக்க எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் ஐந்தாறு மைலில் இருக்கிறது. நெல்லைக்கும் ஆய்க்குடிக்கும் நடுவே சர்க்கார் ஒரு கடிதம் போட்டு, அறுவையான குழந்தை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒப்படைக்கும் ஏற்பாட்டைச் செய்தால் போதும்.

குழந்தைகளைப் பரிசோதிக்கும் மத்திய சர்க்கார் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அதன் பட்டியலில் நரம்புக் குழாய்க் குறைபாடும் இருக்கிறது. ஆனால் கிருமியால் நீர் கோர்க்கும் குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்தான் தலை பெருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எந்திரம்கூட வேண்டாம். தையற்காரன் கழுத்தில் தொங்குகிறதே, அந்த அளவு நாடா போதும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 34, 35 சென்டிமீட்டர். தடுப்பூசி போட வரும் ஒவ்வொரு தடவையும் கிராம சுகாதார நர்ஸ் நாடாவைச் சுற்றி, அட்டையில் எழுதி, கோடு மேலே எகிறுகிறதா என்று பார்க்க வேண்டும். எகிறினால் அன்றைக்கே நெல்லைக்குப் போன் செய்ய வேண்டும். தடுப்பூசி அட்டையில் இதற்கு ஒரு கட்டம் போட்டு, நர்ஸுகளுக்கு அரைநாள் பயிற்சி கொடுத்து, தென்காசி மாவட்டம் முழுவதும் தொடங்க எந்த டில்லி அனுமதியும் தேவையில்லை. கலெக்டரும் மாவட்ட சுகாதார அதிகாரியும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் அடுத்த சீசனுக்கு முன்பே ஆரம்பித்துவிடலாம். எப்போது உட்காரப் போகிறார்கள் என்று பீடிச் சங்கப் பெண்கள் நேரில் போய்க் கேட்க வேண்டும். பதிலைத் தேதி போட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.